கீழ்த்தளத்துக் கிளிமூக்கன்

கூரை வேலைக்காக அந்த அருங்காட்சியகத்தை ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிப் போட்டிருந்தார்கள். முப்பத்துநான்கு நாள் கழித்துத் திறந்தபோது கீழ்த்தளத்துக்கு முதலில் இறங்கிப் போனவள் ஊசி. கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த காற்று முகத்தில் வந்து படிந்தது. நாற்றம் என்று சொல்ல முடியாது. வெறும் குடத்துக்குள் தலையை விட்டது போல இருந்தது, அவ்வளவுதான். விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருத் தூசி எலும்பின் மேல் படியக்கூடாது என்பது அங்கே சட்டம்.

ஊசி என்பது வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, செய்வது ஊசி வேலை, வாயும் கொஞ்சம் குத்தும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். பாறைக்குள் புதைந்து கல்லாகிப்போன எலும்புகளைச் சுற்றியிருக்கும் பாறையை மட்டும் கொத்தி எடுப்பது அவள் வேலை. பேனா பருமனில் ஒரு கருவி, காற்றழுத்தத்தில் அதிரும், முனையில் எஃகு ஊசி. காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் ஒரு தீப்பெட்டி அகலம் சுத்தமாகும். அவசரப்படுகிறவர்களுக்கு அந்த நாற்காலி ஒத்து வராது.

இப்போது மேசையில் இருந்தது கிளிமூக்கனின் மேல்தாடை. பெட்டிகளின் மேல் ஹைபரோடாபெடான் என்று எழுதியிருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்று, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் அது கிளிமூக்கன்தான். இருபத்துமூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மண்ணில் நடமாடிய ஊர்வன. பன்றி அளவு உடம்பு, கிளி அலகு போல வளைந்து இறங்கிய மூக்கு. வாய்க்குள் பார்த்தால்தான் ஆச்சரியம். மேல்தாடை முழுக்கக் கல் பாவிய தரை மாதிரி வரிசை வரிசையாகப் பல், நடுவில் நீளமாக ஒரு பள்ளம். கீழ்த்தாடை அந்தப் பள்ளத்தில் வந்து கச்சிதமாக இறங்கும். எவ்வளவு முரட்டுத் தழையானாலும் அந்த வாய்க்குள் போனால் கூழ்தான்.

ஒரே குவாரியிலிருந்து வந்த கிளிமூக்கன்கள் மட்டும் நாற்பத்தொரு பெட்டி, கீழ்த்தளத்தின் மூன்று சுவரையும் அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற எலும்புகள் பழுப்பாக இருக்கும். இவை கத்தரிக்காய் நிறம். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனக்கும்.

பூட்டுவதற்கு முதல் நாள் ஊசி ஒரு சின்ன மறதி செய்திருந்தாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவள் ஒரு பல் டாக்டரிடம் பல்செட்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள். தாடைக்குள் பல் எவ்வளவு ஆழம் போகிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்று அவரிடம் பத்து ஃபிலிம் கேட்டு வாங்கி வந்தாள். பொட்டலத்தைத் தாடையின் மேலேயே வைத்துவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அன்று சாயங்காலமே பொட்டலத்தையும் தாடையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் தாடையை எக்ஸ்ரே எடுத்து, முதல் படத்தைக் கழுவி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, ஃபிலிமை வெயில்ல வச்சிட்டியா? எல்லாம் மங்கிப்போயிருக்கு."

"வெயிலா? எங்க ரூமுக்கு வெயில் எட்டிப் பார்த்தே பல வருஷம் ஆச்சு டாக்டர்."

அவர் எக்ஸ்ரே எடுக்காத ஒரு ஃபிலிமைச் சும்மா கழுவினார். அது கண்ணாடி மாதிரி வெளுத்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாம்பலும் கறுப்புமாக ஒரு பட்டை. அதற்குள் வெளிறிய புள்ளிகள், வரிசை பிசகாமல். இன்னொன்றைக் கழுவினார். அதிலும் புள்ளிகள். ஊசி அந்தப் படத்தை வாங்கித் தாடையின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் புள்ளிக்குப் புள்ளி பல்லின் மேல் பொருந்தி உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா, போட்டோ எடுக்க ஆள் வரலைன்னு தானே எடுத்துக்கிட்டிருக்கு" என்று சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்தவர், "இந்தக் கல்லு எத்தனை இருக்கு அங்க?" என்று கேட்டார்.

"நாற்பத்தொரு பெட்டி."

"நீ அந்த ரூம்ல எத்தனை மணி நேரம் உக்கார்றே?"

"எட்டு மணி நேரம். ஏன் டாக்டர்?"

"உங்க வீட்டுக்காரரு?"

அவள் தாடையைத் துணியில் சுற்றினாள். கணவர் அந்த அறையில் பத்தொன்பது ஆண்டு உட்கார்ந்திருந்தார். அது டாக்டருக்கும் தெரியும்.

கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் வறட்டு இருமல். "தூசி இருமல், வேற ஒண்ணுமில்ல" என்பார். அப்புறம் தோள்பட்டை வலி. அப்புறம் கைக்குட்டையில் சிவப்பு. நுரையீரலில் புற்று என்று தெரிந்ததிலிருந்து எண்ணிப் பதினோரு மாதம். சிகரெட்டை விரலால்கூடத் தொடாத மனிதர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிஞ்சியது அவளும் மாமியாரும். பல்செட்டு செய்த கைக்கு எலும்பு வேலையும் வரும் என்று, அருங்காட்சியகத்தில் கணவரின் இடத்தை அவளுக்கே கொடுத்தார்கள். அதே நாற்காலி, அதே விளக்கு, பாதியில் நின்றுபோன அதே தாடை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவர் இறந்த அன்றைக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். கொழுந்தன் அப்போது அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், லிஃப்ட் மெக்கானிக், பள்ளிக்கூட நாளிலிருந்தே சிகரெட் பிடிப்பவன். அண்ணன் உடம்பின் பக்கத்தில் வந்து அவன் குனிந்தபோது அவன் சட்டையிலிருந்து புகை வாடை அடித்தது. அவளுக்குள் என்னவோ அறுந்துபோனது.

"உன் புகைதான்டா அவரைத் தின்னுச்சு. நீ ஊதினதுக்கு அவர் சாகணுமா? இனிமே இந்தப் படி ஏறாத."

அம்மா தடுப்பாள் என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரமே ஒற்றைப் பையோடு கிளம்பிப் போனவன், அப்புறம் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

பல் டாக்டருக்குத் தெரிந்த ஒருவர் பெரிய மருத்துவமனையில் கதிர் சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அறைகளில் கதிர் கசிகிறதா என்று அளந்து பார்ப்பது அவர் வேலை. டாக்டர் சொன்னதன் பேரில் புதன்கிழமை மதியம் ஒரு மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். குள்ளமான, கலகலப்பான மனிதர். படியிறங்கும்போது, "டைனோசரையெல்லாம் டாக்டருக்குக் காட்ட மாட்டாங்களே, என்னை ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேலி பேசிக்கொண்டே வந்தார்.

"இது டைனோசர் இல்ல சார். அதுக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்."

"சொந்தக்காரங்கதானே தொல்லை."

மேல்படியில் மீட்டர் எப்போதோ ஒரு தடவை டிக் என்றது. பாதிப் படியில் இரண்டு மூன்றாக விழுந்தது. கதவுக்கு முன்னால் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. மேசை மேல் இருந்த தாடைக்கு நேராக அவர் மீட்டரின் குழாயை நீட்டியபோது, தகரக் கூரையில் மழை பிடித்தது போல ஒரே சத்தம். அவர் சத்தத்தை அணைத்தார். அதற்கப்புறம் கேலி ஒன்றும் வரவில்லை.

"மண்ணுக்குள்ள கிடக்கறப்ப இந்த எலும்பு தண்ணியோட சேர்த்து யுரேனியத்தையும் குடிச்சிருக்கு. எல்லா எலும்பும் இப்படி இல்ல. சில இடத்து மண்ணு அப்படி."

"கையில எடுத்தா ஆபத்தா சார்?"

"ஒண்ணு ரெண்டு துண்டை எடுத்துப் பார்த்தா ஒண்ணும் ஆகாது. எனக்கு எலும்பப் பார்த்துப் பயம் இல்லம்மா. இந்த ரூமைப் பார்த்தாதான் பயமா இருக்கு." அவர் சுற்றிலும் பார்த்தார். "இதுல இருந்து ஒரு வாயு வரும். ரேடான்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காத்தோட்டம் இருந்தா கலைஞ்சு போயிடும். இல்லேன்னா இங்கயே தங்கும். நாம மூச்சு விட விட உள்ள போயி நுரையீரல்ல உக்காந்துக்கும். காத்து எங்க வழியா வருது இங்க?"

சுவரின் உச்சியில் நான்கு சதுர ஓட்டைகள் இருந்தன. அவள் அவற்றைக் காட்டினாள். அவர் ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, மேலிருந்தபடியே கேட்டார்.

"யாரு இதை அடைச்சது?"

"அடைச்சிருக்கா?"

"கல்லு மாதிரி அடைச்சிருக்கு. சாக்குத் துணியை நனைச்சு, மாவுக்கட்டு மாவு பூசி, அழகா மெழுகியிருக்காங்க."

ஊசி ஏணியில் ஏறினாள். வெள்ளைப் பூச்சின் மேல் மூன்று விரல் தடம் நேராக ஓடியது. நான்காவது தடம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. கணவருக்கு இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும். சின்ன வயதில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரல். எட்டு வருடத்துக்கு முன்னால், தெருவில் சாலை வேலை நடந்தபோது, தூசி வராமல் எல்லாவற்றையும் தானே அடைத்துவிட்டதாகச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "இனிமே ஒரு பொட்டுத் தூசி உள்ள வராது பாரு" என்றார். அவளும் கெட்டிக்காரர்தான் என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்தான் சார்" என்றாள்.

அவர் கரித்தூள் நிரப்பிய மூன்று சின்ன டப்பாக்களை மூடி திறந்து அறையின் மூன்று மூலையில் வைத்தார். கரி அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், மூன்று நாள் இருக்கட்டும், அப்புறம் ஆய்வகத்தில் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். போகும்போது நின்று, "இங்க புகை பிடிக்கிற ஆள் யாராச்சும் வேலை பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. ஏன் சார்?"

"நல்லவேளை. ரேடானும் புகையும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல. பல மடங்கு."

அருங்காட்சியகத்தின் இயக்குநர் அம்மாளிடம் அன்றே போய்ச் சொன்னாள். அவருடைய அறை கீழ்த்தளத்துக்கு நேர் மேலே. நான்கு மாதத்தில் கிளிமூக்கனின் முழு எலும்புக்கூட்டை நிறுத்தி வைத்துத் திறப்பு விழா நடத்துவதாகப் பத்திரிகையில் செய்தி கொடுத்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரிசல்ட் வரட்டும். அதுக்கு முன்னாடி எதையும் எழுதி வைக்காதீங்க."

"அதுவரைக்கும் நான் எங்க உக்கார்றது மேடம்?"

இயக்குநர் தன் காலடியில் இருந்த தரையைப் பார்த்தார். "இங்கேயே உக்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். பிறகு, அது எந்த அறைக்கு மேலே இருக்கிறது என்று யோசித்தவர் போல எழுந்து சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

முடிவு வருகிறவரை ஊசிக்கு வீட்டில் கை ஓடவில்லை. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது உள்ளே எங்கே போகிறது என்று கவனித்தாள். தொண்டை செருமினால் மாமியார் திரும்பிப் பார்த்தாள்; அந்த வீட்டில் இருமல் என்றால் இருவருக்குமே குலை நடுங்கும். "ஒண்ணுமில்ல அத்தை, தண்ணி புரையேறிடுச்சு" என்று சமாளித்தாள்.

செவ்வாய்க்கிழமை மீட்டர்காரர் போன் செய்தார். அவள் தன் மதிய உணவுப் பாத்திரம் கீழேயே தங்கிவிட்டதென்று அதை எடுக்க இறங்கியிருந்த நேரம்.

"இப்ப எங்கம்மா நிக்கறீங்க?"

"கீழதான் சார். ஒரு பாத்திரம்..."

"மேல ஏறுங்க. பேசிக்கிட்டே ஏறுங்க. கதவைச் சாத்தாதீங்க, திறந்தே இருக்கட்டும்."

அவள் ஏறினாள். இருக்கவேண்டிய அளவைப் போல இருபத்தாறு மடங்கு என்றார் அவர். இது திறந்து மூடிப் புழங்குகிற நாட்களின் கணக்கு. ஒரு மாதம் பூட்டிக் கிடந்துவிட்டுத் திறந்த அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். வெறும் குடம் போல இருந்த அந்தக் காற்றை அன்று அவள் நெஞ்சு நிறைய இழுத்து, பெருமூச்சு விட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

இயக்குநர் அம்மாள் மேலிடத்துக்கு அன்றே எழுதினார், விழாவை நிறுத்தினார். அதைக் குறை சொல்ல முடியாது. அதிகாரிகள் வந்தார்கள். முதலில் ஓட்டைகளைத் திறக்க வேண்டும், ஒரு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். ஊசி, "நானே பண்றேன்" என்றாள். முகமூடி போட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்று கெடு வைத்து இறக்கினார்கள். உளியை வைத்து ஓங்கி அடித்தாள். பல் பல்லாகப் பாறையைக் கொத்திய கைக்கு அப்படி அடிப்பது புதிது. நான்கு ஓட்டையும் ஒன்பது நிமிடத்தில் திறந்தன. விரல் தடம் பதிந்த பூச்சு இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. கூட வந்த ஆள், "அக்கா, இதை எடுத்து வைக்கவா?" என்று கேட்டான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது போலும். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டி, குப்பைச் சாக்கைக் காட்டினாள்.

கணவருக்கு வைத்தியம் பார்த்த நெஞ்சு மருத்துவரிடம் போய் முடிவுத் தாளை நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதாலதான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. ஆனா புகையே பிடிக்காத மனுஷன், பத்தொன்பது வருஷம், அதுல கடைசி அஞ்சாறு வருஷம் காத்தே இல்லாத ரூம்... வேற எதைச் சொல்றது? அன்னைக்கு நான் அவர்கிட்ட என்ன வேலைன்னு கேட்டேன். எலும்பு சுத்தம் பண்றேன்னாரு. தூசின்னு எழுதினேன். அதோட விட்டுட்டேன்."

"அவர் தம்பி புகை பிடிப்பான் சார். மாடியில. அதனால..."

"மாடியிலயா? வீட்டுக்குள்ளயா, மொட்டை மாடியிலயா?"

"மொட்டை மாடியிலதான். உள்ள பிடிக்க அவர் விடமாட்டாரு."

"அந்தப் புகை அவரை எட்டியிருக்காதும்மா" என்றார் மருத்துவர். பிறகு அவளுக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லா என் புள்ளையைக் கொன்னுச்சு?"

"கல்லுல இருந்து வர்ற காத்து அத்தை."

"அப்ப சின்னவன் இல்லியா?"

"இல்ல."

மாமியார் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். திரும்பவும் பிரித்தாள். "நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்" என்றாள். "என்னைப் பார்த்தான். நான் திருப்பிக்கிட்டேன்."

"சொன்னது நான்தானே அத்தை."

"நீ புருஷன் போன ஆத்திரத்துல சொன்னே. நான் பெத்தவ."

மறுநாள் ஊசி கொழுந்தனைத் தேடிப் போனாள். அவன் கம்பெனியில் விசாரித்ததில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் 'லிஃப்ட் பழுது' என்று அட்டை தொங்கியது. படியேறினாள். நான்காவது மாடி வரும்போது லிஃப்ட் ஓடும் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் இயந்திரம் என்றுதான் நினைத்தாள். ஐந்தாவது மாடியில் திரும்பக் கேட்டது. யாரோ மேலே இருமுகிறார்கள். வறட்டு இருமல், நிறுத்தி நிறுத்தி, ஈரமே இல்லாமல். அவளுக்கு அந்த இருமலைத் தெரியும். பதினோரு மாதம் பக்கத்தில் படுத்துக் கேட்டது. கைப்பிடியை இறுகப் பிடித்தாள். பிறகு ஓட்டமாக ஏறினாள்.

உச்சியில் மோட்டார் அறையில் அவன் மட்டும் இருந்தான். கையெல்லாம் கிரீஸ். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

"அண்ணி? நீங்களா? அம்மாவுக்கு ஏதாச்சும்..."

"அத்தைக்கு ஒண்ணுமில்ல. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் தம்பி."

ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே ஃபிலிமிலிருந்து மருத்துவர் வரைக்கும் சொல்லி முடித்தாள். "உன் மேல தப்பே இல்ல. நான் சொன்னது பாவம். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் ஒரு திருகாணியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு வருஷம் அண்ணி" என்றான் கடைசியில். "நான்தான் கொன்னேன்னு நானே நம்பிட்டேன். நீங்க சொன்ன அன்னைக்கே சிகரெட்டை விட்டுட்டேன். இப்ப வந்து இல்லேங்கறீங்க. சந்தோஷப்படறதா என்னன்னே தெரியல."

"திட்டணும்னா திட்டிடு."

"திட்டி என்ன?" அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். "நானும் அந்த ரூம்ல எவ்வளவு நாள் உக்காந்திருக்கேன். அப்பக்கூட ஒண்ணும் தோணல பாருங்க."

"எந்த ரூம்ல?"

"கீழ்த்தளத்துலதான். அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? சனிக்கிழமை சனிக்கிழமை போவேன். ஆறு வருஷம் போனேன்."

"எதுக்கு?"

"அவர்தான் கூப்பிட்டாரு. 'வாடா, எங்கூட வந்து உக்காரு, இங்க ஊத முடியாது. வாரத்துல ஒரு நாளாவது உன் நுரையீரல் லீவு எடுத்துக்கட்டும்'னாரு. காலையில போனா சாயங்காலம் வரைக்கும். பெட்டியில நம்பர் எழுதுவேன், எலும்பைத் தூக்கி வைப்பேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்போம். சிகரெட்டை விடறதுக்காகப் போறேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா தினம் கேட்டு உயிரை எடுப்பாங்கன்னு சொல்லல." திருகாணியைக் கீழே வைத்தான். "என் வாழ்க்கையில நல்லா இருந்த நாளுன்னா அதுதான் அண்ணி."

புகை பிடிக்கிற ஆளைப் பற்றி மீட்டர்காரர் போகும்போது கேட்ட கேள்வி அவள் காதில் ஒலித்தது.

"இருமல் எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசமா. தூசி இருமல், வேற ஒண்ணுமில்ல. இந்த வேலையில..."

"கையைக் கழுவு" என்றாள் ஊசி. "கழுவிட்டு என்கூட வா. இப்பவே."

"வேலை பாதியில இருக்கு அண்ணி. எட்டு மாடி ஜனம்..."

"எட்டு மாடியும் நடக்கட்டும்."

அன்றைக்கே இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவளுடையதில் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். இப்போதைக்கு என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். கொழுந்தனின் வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு நிழல் இருந்தது. சின்னதுதான். அண்ணனுக்குப் பார்த்தபோது இருந்ததில் கால்வாசிகூட இல்லை. அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுதான் என்று உறுதியாயிற்று. இன்னும் பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். நாள் குறித்தார்கள்.

அவன் வீட்டுக்கு வர மறுத்துவிட்டான். "ஆபரேஷன் முடியட்டும் அண்ணி. அம்மா மறுபடியும் ஒரு இருமலைக் கேட்டுக்கிட்டு வீட்ல கிடக்க வேணாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மாமியாரிடம் மறைக்க ஊசியால் முடியவில்லை. சொன்னாள். மாமியார் அழவில்லை. எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்த நாள் காலையில் மருத்துவமனை வராந்தாவில் பச்சை அங்கியோடு அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாமியார் நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவனிடம் பேசிய முதல் வார்த்தை கோபமாகத்தான் வந்தது.

"நகத்தை வெட்டிக்கிட்டு வரக் கூடாதா? இப்படியா வர்றது ஆஸ்பத்திரிக்கு? எல்லாம் கிரீஸ்."

"போகாதும்மா அது. எவ்வளவு தேச்சாலும் போகாது."

"கையைக் கொடு."

தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அவன் விரலைத் தன் மடியில் வைத்து, நகக்கண்ணிலிருந்த கறுப்பை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்க ஆரம்பித்தாள். அவன் சின்னப் பையன் மாதிரி கையைக் கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் வடிந்தது; துடைக்க இன்னொரு கை இருந்தும் துடைக்கவில்லை. ஏழு விரல் முடிந்திருந்தது. நர்ஸ் வந்து அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

"இன்னும் மூணு இருக்கு" என்றாள் மாமியார்.

"வந்து காட்டறேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

நான்கு மணி நேரம் என்றிருந்தார்கள். நான்கு முடிந்து ஐந்தாயிற்று. யாரும் வெளியே வரவில்லை. கதவு திறக்கும் போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். வேறு யாருக்கோ வேறு யாரோ வந்தார்கள். வராந்தாவில் எங்கேயோ ஒருவர் இருமினார். மாமியார் ஊசியின் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

ஆறாவது மணி நேரத்தில் அறுவை மருத்துவர் வந்தார். நிழல் இருந்த பகுதியை எடுத்தாகிவிட்டது, நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்ட வேண்டி வந்தது, இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். இனிமேல் எப்படி என்று ஊசி கேட்டாள். பார்க்கலாம் என்றார். ஐந்து வருடம் ஒன்றும் வராமல் இருந்தால் தைரியமாகச் சொல்லலாம் என்றார்.

அவர் போன பிறகு மாமியார் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு திறந்து, ஊசியை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"உனக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க அத்தை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்காங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதைச் சொல்லல."